இத்தாலியில் பில் வருமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

வணக்கம் நண்பர்களே. ரோம் நகரின் த்ராஸ்தேவெரே பகுதியில், டைபர் ஆற்றங்கரையில் அமர்ந்து பேசுகிறேன். சென்ற வாரம் புளோரன்ஸில் அம்மாவும் நானும் இரண்டு பாஸ்தா மட்டும் சாப்பிட்டோம். பில்லின் முதல் வரியிலேயே ‘கோப்பேர்த்தோ 2’ என்று எழுதி 6 யூரோ சேர்த்திருந்தார்கள். நாங்கள் கேட்காத பண்டம் ஏதோ என்று எண்ணினேன். ஆனால் கேட்க மொழி தெரியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அந்த மனக்குறைதான் இந்தக் காணொளிக்குக் காரணம்.

கோப்பேர்த்தோ என்பது மேசை விரிப்பு, முள்கரண்டி, ரொட்டி ஆகியவற்றுக்காகத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணம். பெரும்பாலும் 1 முதல் 3 யூரோ வரை இருக்கும். மெனுவில் குறிப்பிட்டிருந்தால் அதை ஏமாற்று என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் அது கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கலாம் என்பதால், உட்கார்ந்தவுடனேயே "ஸ்கூஸி, க்வாந்த்தோ ஏ இல் கோப்பேர்த்தோ?" என்று கேளுங்கள். ‘மன்னிக்கவும், கோப்பேர்த்தோ எவ்வளவு?’ என்பது அதன் பொருள்.

‘செர்வீட்சியோ’ இதிலிருந்து வேறுபட்டது. பரிமாறுவதற்காக மொத்தத் தொகையில் 10 அல்லது 15 சதவீதம் என்று சேர்ப்பார்கள். அது இருந்தால் தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. "இல் செர்வீட்சியோ ஏ இன்க்ளூசோ?" என்றால் ‘சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா?’ என்று பொருள்.

உண்மையில் பெரிய தொகை போகக்கூடிய இடம் மீன். மெனுவில் 6 யூரோ என்று பார்த்து மலிவு என்று மகிழாதீர்கள். பக்கத்தில் ‘அல்லேத்தோ’ என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. 700 கிராம் மீன் ஒன்று 42 யூரோ ஆகிவிடும். ஆகவே சமைப்பதற்கு முன்பே மீனைக் காட்டச் சொல்லி, "க்வாந்த்தோ பேஸா?", அதாவது ‘எடை எவ்வளவு?’ என்று கேட்டுவிடுங்கள்.

காபிக் கடைகளில் நின்று குடிப்பதற்கு ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் வேறு விலை. வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்தில் வாத்திய இசைக்கும் தனிக் கட்டணம் வாங்கும் கடைகள் உண்டு.

ரோம் அமைந்துள்ள லாட்சியோ மாநிலத்தில், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோப்பேர்த்தோ வாங்கக் கூடாது. ஆனால் ரொட்டிக்கு, அதாவது ‘பானே’வுக்கு, விலை போடலாம், அதைக் கேட்காமலேயே கொண்டுவந்து வைத்தால், தொடுவதற்கு முன்பே "நோன் லப்பியாமோ ஒர்தினாத்தோ", ‘நாங்கள் இதைக் கேட்கவில்லை’ என்று பணிவாகச் சொல்லலாம்.

இன்று மதியம் பில்லில் புரியாத ஒரு வரியைச் சுட்டி, "கே கோஸா ஏ க்வேஸ்தா வோச்சே?", அதாவது ‘இந்த வரி என்ன?’ என்று கேட்டேன். பரிமாறியவர் முகம் சுளிக்கவில்லை. மெனுவைத் திறந்து ‘பானே’ என்ற வரியையும் அதன் விலையையும் காட்டினார். அம்மா ஆசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ரொட்டிதான் அது. இம்முறை என்னவென்று தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுத்தேன்.