290 வாட் ஆபீஸ் டவர்ல எந்த கிராபிக்ஸ் கார்டு தாங்கும்?

வணக்கம் மக்களே. மேஜையில இருக்கறது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020, மினி டவர். ஆபீஸ்ல கழிச்சு விட்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் செகண்ட்ஸ்ல வருமே, அதே மெஷின். உள்ள ஐ5-4590 பிராசஸர், நாலு கோர். பவர் சப்ளை 290 வாட். இதுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடணும்.

கார்டு பெட்டியைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு பயம் வந்துடும். ஜிடிஎக்ஸ் 1650 எடுத்தாலும் சரி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி எடுத்தாலும் சரி, குறைஞ்சது 300 வாட் பவர் சப்ளை வேணும்னுதான் போட்டிருக்கும். நம்மகிட்ட 290. பத்து வாட் குறையுதேன்னு யோசிக்காதீங்க. எவன் எந்த மட்டமான பவர் சப்ளை வச்சிருக்கானோன்னு கம்பெனிக்காரன் தாராளமா தூக்கிப் போட்ட கணக்கு அது. நம்ம கணக்கை நாமளே போடுவோம்.

பவர் சப்ளை பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க. பெரிய எழுத்துல இருக்கற மொத்த வாட்டை விட்டுடுங்க, 12 வோல்ட் வரியைத் தேடுங்க. பிராசஸர், கார்டு ரெண்டுமே தின்னறது 12 வோல்ட்லதான். ஆம்பியரை 12 ஆல பெருக்குங்க, 18 ஆம்பியர்னா 216 வாட். சில ஸ்டிக்கர்ல 12 வோல்ட் ரெண்டு வரியா பிரிச்சிருப்பாங்க. ரெண்டையும் அப்படியே கூட்டினா தப்பு. ரெண்டும் சேர்ந்து அதிகபட்சம் இவ்வளவுன்னு கீழ தனியா ஒரு எண் இருக்கும், அதுதான் கணக்கு.

இப்ப செலவு. ஐ5-4590 84 வாட். கார்டு 75 வாட்னு வைங்க. மதர்போர்டு, ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாத்துக்கும் சேர்த்து 40, 45. ஆக சுமார் 200 வாட். அதுவும் பிராசஸரும் கார்டும் ஒரே நேரத்துல முழு மூச்சா ஓடினாத்தான். 290க்குள்ள தாராளமா அடங்குது, ஸ்டிக்கர்ல பாத்த 12 வோல்ட் கணக்குக்குள்ளயும் அடங்குதான்னு பாத்துக்கங்க. பிளக்ல மீட்டர் வச்சுப் பாக்கறவங்க ஒண்ணு கவனிங்க, அது காட்டறது சுவத்துல இருந்து இழுக்கறது. 290ங்கறது உள்ள குடுக்கறது. மீட்டர் 230 காட்டினா உள்ள போறது 195 பக்கம்தான் இருக்கும்.

அப்ப எங்கதான் இடிக்குது? ஒயர்ல. இந்த சப்ளைல கார்டுக்குன்னு 6 பின் ஒயரே கிடையாது. கார்டுக்கு கிடைக்கறதெல்லாம் ஸ்லாட் வழியாத்தான். போர்டுல கார்டு செருகற நீளமான பிசிஐஇ எக்ஸ்16 ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் குடுக்கும், அதுல 12 வோல்ட்ல வர்றது 66, மிச்சம் 3.3 வோல்ட்ல. அதனால தேட வேண்டியது ஒண்ணே ஒண்ணு: மேல பவர் ஒயர் செருகற பின் எதுவும் இல்லாத கார்டு.

இங்கதான் கடைக்காரர், "அதுக்கென்ன தம்பி, கன்வெர்ட்டர் இருக்கு"ன்னு நூறு ரூபாய்க்கு ஒரு ஒயர் நீட்டுவார். சாட்டால இருந்து, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்கு கரண்ட் போற ஒயர்ல இருந்து, 6 பின். தயவு செஞ்சு வாங்காதீங்க. சாட்டா கனெக்டர்ல 12 வோல்ட்டுக்கு மூணு பின், ஒவ்வொண்ணும் ஒன்றரை ஆம்பியர். மொத்தம் நாலரை ஆம்பியர், 54 வாட். 6 பின் கேக்கறது 75 வாட், அதாவது ஆறேகால் ஆம்பியர். பின் சூடாகி, பிளாஸ்டிக் உருகி, அப்புறம் கருகும். முதல் நாளே கருகாதுங்கறதுதான் இதுல பெரிய ஆபத்து, நல்லாத்தான் ஓடுதுன்னு நினைச்சு விட்டுடுவீங்க.

சப்ளையவே மாத்திடலாமேன்னா, மாத்தலாம். ஆனா 9020 போர்டுல கரண்ட் ஒயர் செருக வழக்கமான 24 பின் இருக்காது, 8 பின்தான். அந்த மாடலுக்குன்னே செஞ்ச 24-8 கன்வெர்ட்டர் வேணும். வேற கம்பெனி மெஷினோடது பாக்க அதே மாதிரி இருக்கும், உள்ள ஒயர் வரிசை வேற. மாத்திச் செருகினா போர்டு போச்சு.

சரி, எந்த கார்டு? புதுசா வாங்கறதா இருந்தா என் ஓட்டு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்கு. 2024 பிப்ரவரில வந்தது, 70 வாட். பேரைச் சரியா சொல்லிக் கேளுங்க, 8 ஜிபி 3050 வேற ஜாதி, அது 130 வாட், பவர் பின் கேக்கும். ஜிடிஎக்ஸ் 1650ம் 75 வாட்தான், ஆனா ஓவர்கிளாக் பண்ணி, அதாவது வேகத்தை ஏத்தி, 6 பின் வச்ச மாடல் நிறைய சுத்துது. 1650 சூப்பர்னா 100 வாட், கண்டிப்பா பின் இருக்கும். பேரை நம்பாம கார்டோட மேல் விளிம்பைக் கண்ணால பாருங்க.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ செகண்ட்ஸ்ல மலிவா வரும். 2016 கார்டு. என்விடியா இதுக்கு புது கேம் டிரைவர் விடறதை 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். அதுக்கேத்த விலை பேசுங்க. போலி வேற உண்டு. பழைய கார்டுக்குள்ள இருக்கற பயாஸ்ங்கற அடிப்படை சாஃப்ட்வேரை மாத்தி 1050 டிஐன்னு தள்ளி விடுவாங்க. அந்தத் தலைமுறை சிப்ல பழைய மானிட்டருக்கான விஜிஏ வெளியீடே கிடையாது, கார்டுல நீல விஜிஏ போர்ட் தெரிஞ்சா சந்தேகப்படுங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி, கார்டோட விவரம் காட்டற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓட்டிப் பாருங்க.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், ஆசையா இருக்கும். ஆனா அது போர்டோட நாலு லேன்ல, அதாவது நாலு டேட்டா பாதைல, மட்டும்தான் பேசும். பிசிஐஇ 4.0 போர்டுக்குன்னு செஞ்சது. நம்ம மெஷின் 3.0, பாதை பாதியாயிடும். வீடியோ மெமரி நிறைஞ்ச உடனே கேம் திக்கித் திக்கி ஓடும். வீடியோவைச் சுருக்கி சேவ் பண்ற என்கோடரும் இல்ல, எடிட்டிங் பண்றவங்களுக்கு ஆகாது. இன்டெல் ஆர்க் கார்டுக்கு ரீசைஸபிள் பார்ங்கற வசதி (பிராசஸர் கார்டு மெமரி முழுசையும் ஒரே வீச்சுல எட்டறது) வேணும், இந்தக் காலத்து போர்டுல அது இல்ல. விட்டுடுங்க.

எஸ்எஃப்எஃப்னு சொல்ற சின்ன கேபினட் வச்சிருக்கறவங்களுக்கு: உயரம் குறைஞ்ச லோ புரொஃபைல் கார்டும், அதைப் பின்பக்கம் திருகற குட்டை பிராக்கெட்டும் வேணும். எக்ஸ்16 ஸ்லாட்டுக்கு பக்கத்துல எவ்வளவு இடம்னு ஸ்கேல் வச்சு அளங்க, ரெண்டு ஸ்லாட் தடிமன் கார்டு பல பெட்டில உக்காராது. சில சின்ன மெஷின்ல ஸ்லாட்டுக்கே 75 வாட் குடுக்க மாட்டாங்க, மாடலோட மேனுவல்ல அதைப் பாத்துட்டு வாங்குங்க.

இப்ப மாட்டலாம். கார்டைத் தொடறதுக்கு முன்னாடி, பழைய போர்டு டிஸ்ப்ளே ஓடும்போதே மெஷினோட பயாஸை கடைசி வெர்ஷனுக்கு அப்டேட் பண்ணிடுங்க. கார்டு போட்டதும் ஸ்கிரீன் கருப்பாவே நிக்கறதுக்கு பழைய பயாஸும் ஒரு காரணம். கரண்ட் போகாத நேரமா பாத்து பண்ணுங்க. அப்புறம் ஷட் டவுன், பவர் ஒயரைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க. மிச்சம் இருக்கற கரண்ட் இறங்கிடும். பெட்டியோட பெயின்ட் இல்லாத இரும்பை ஒரு தடவை தொடுங்க.

உள்ள நீளமா ரெண்டு ஸ்லாட் தெரியும். பிராசஸருக்குப் பக்கத்துல இருக்கறதுதான் உண்மையான எக்ஸ்16. இன்னொண்ணு நீளம் மட்டும்தான், உள்ள நாலு லேன். கார்டை நேரா வச்சு ரெண்டு பக்கமும் சமமா அழுத்துங்க, டக்குனு ஸ்லாட் நுனி கிளிப் பிடிக்கும். பிராக்கெட்டை இறுக்குங்க. மானிட்டர் ஒயரை கார்டுல செருகணும், பழக்கத்துல போர்டுல செருகிட்டு கார்டு வேலை செய்யலன்னு திருப்பிக் குடுக்கறவங்க இருக்காங்க. மானிட்டர்ல விஜிஏ மட்டும் இருந்தா சும்மா ஒயர் போதாது, சிக்னலை மாத்தற ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேணும்.

ரேம் ஒரே குச்சியா இருந்தா இப்பவே ரெண்டாவது போடுங்க. ஒரே நேரத்துல நாலு வேலை மட்டும் பாக்கற நாலு திரெட் பிராசஸர், ரேமும் மெதுவா இருந்தா இன்னும் திணறும், அது திணறும்போது கார்டு சும்மா உக்காந்திருக்கும்.

டிரைவர் போட்டாச்சுன்னா சோதனை. கார்டுக்கு முழு லோடு குடுக்கற ஃபர்மார்க்கையும் பிராசஸருக்கு ஒரு சிபியு டெஸ்டையும் சேர்த்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. ஜிபியு-இசட்ல 12 வோல்ட் காட்டற கார்டா இருந்தா அதுல கண் வைங்க, 11.4க்கு கீழ இறங்கக் கூடாது. மெஷின் பட்டுனு அணைஞ்சா விண்டோஸோட ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41 இருக்கும். ஒழுங்கா அணையாம பவர் போச்சுன்னு மட்டும்தான் அது சொல்லும், ஏன்னு சொல்லாது. யுபிஎஸ்ஸை விட்டுட்டு நேரா சுவத்துல செருகி திரும்ப ஓட்டுங்க. 600 விஏ யுபிஎஸ் பொதுவா 360 வாட்தான், அதுலயும் பேட்டரி செத்துட்டா லோடு ஏறினதும் கை விட்டுடும். சுவத்துலயும் அணைஞ்சா, பத்து வருஷம் ஓடின சப்ளைல கெப்பாசிட்டர் களைச்சிருக்க வாய்ப்பு அதிகம். தற்காலிகமா ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர்ல கார்டோட பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்க. 70 வாட் கார்டு 56ல நிக்கும், கேம்ல கொஞ்சம் ஃபிரேம்தான் குறையும். அப்பவும் அணைஞ்சா கார்டு மேல பழி போடாதீங்க, அதே மாடல் 290 வாட் சப்ளை ஒண்ணு வாங்கி மாத்துங்க.