ஜெனசீ ஆற்றங்கரையில் தங்கிவிட்ட மேரி

வணக்கம் நேயர்களே. அமெரிக்கா தனி நாடாக ஆவதற்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி இன்று பேசப்போகிறேன். பெயர் மேரி ஜெமிசன். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்துகொண்டிருந்தபோது, 1743 வாக்கில், நடுக்கடலில் கப்பலிலேயே பிறந்தவர். சொந்த ஊர் எது என்று கேட்டால் பிறக்கும்போதே பதில் இல்லாதவர்!

குடும்பம் பென்சில்வேனியாவின் எல்லைப்புறத்தில் காடு திருத்திக் குடியேறியது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அப்போது போர். 1758 வசந்தத்தில் ஒருநாள் காலை, ஷானி என்ற பூர்வகுடி இனத்தவர் ஆறு பேரும் பிரெஞ்சுக்காரர் நான்கு பேரும் வந்து வீட்டில் இருந்தவர்களைப் பிடித்துப்போனார்கள். மேரிக்கு அப்போது 15 வயது இருக்கும். வழியில் அவருடைய பூட்ஸைக் கழற்றிவிட்டு, பூர்வகுடிகள் போடும் தோல் காலணியை மாட்டினார்கள். தாய்க்குப் புரிந்துவிட்டது, இவளை மட்டும் உயிரோடு விடப்போகிறார்கள் என்று. உன் பெயரை மறந்துவிடாதே, தப்பி ஓடப் பார்க்காதே என்று சொல்லி அனுப்பினார். பிடிபட்ட பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் கொன்றுவிட்டார்கள்.

இன்றைய பிட்ஸ்பர்க் இருக்கும் இடத்தில் அன்று டியூகேன் கோட்டை என்று ஒரு பிரெஞ்சுக் கோட்டை இருந்தது. அங்கே செனிகா என்ற இன்னொரு பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரிகள் மேரியைப் பெற்றுக்கொண்டார்கள். போரில் தம்பியைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். செத்தவனுக்கு ஈடாக ஒரு கைதியைப் பெறுவது அந்த மக்களின் வழக்கம். அந்தக் கைதியைக் கொல்லலாம், வீட்டுப் பிள்ளையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஓஹையோ ஆற்றில் படகில் அழைத்துப்போய், கிழிந்த உடுப்பை ஆற்றிலே எறிந்து, மேரியைக் குளிப்பாட்டிப் புதுத் துணி உடுத்தினார்கள். அப்புறம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று, இறந்த தம்பியின் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். கொஞ்சநேரத்தில் அழுகை மாறி முகங்கள் மலர்ந்தன. தம்பியின் இடத்துக்குத் தங்கை வந்துவிட்டாள் என்று சிரித்தார்கள். ஒரு வார்த்தையும் புரியாமல் பயந்துபோய் நின்ற மேரிக்கு, அது தத்தெடுக்கும் சடங்கு என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் கணவர் ஷெனின்ஜி, டெலவேர் என்ற பூர்வகுடி இனத்தவர். பிறந்த மகனுக்குத் தன் தந்தையின் பெயரையே வைத்தார் மேரி, தாமஸ் என்று. அந்தக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் நடந்து, இன்றைய நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஜெனசீ ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். ஷெனின்ஜி வேட்டைக்குப் போன இடத்தில் இறந்துபோக, பிறகு ஹயோகாடூ என்ற செனிகா வீரரை மணந்தார். மேலும் ஆறு பிள்ளைகள்.

சரி, ஏன் திரும்பிப் போகவில்லை? வாய்ப்பு வராமல் இல்லை. கைதிகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் பரிசு என்று அறிவிப்பு வந்தபோது ஒருவன் இவரைப் பிடிக்க வந்தான். ஓடி ஒளிந்துகொண்டார். அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பின், தத்தெடுத்த குடும்பத்துச் செனிகா அண்ணனே, விருப்பமானால் போ என்றார். மூத்த மகனை அனுப்ப மாட்டோம் என்று தலைவர்கள் சொல்லிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளை வெள்ளைக்கார உறவினர்கள் மதிப்பார்கள் என்ற நம்பிக்கையும் அவருக்கு இல்லை. வனவாழ்க்கையில் மயங்கிவிட்டார் என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவாகத்தான் தெரிகிறது.

கணக்கு என்றதும் 1779 நினைவுக்கு வருகிறது. சுதந்திரப் போரின்போது அமெரிக்க ஜெனரல் சல்லிவனின் படை ஜெனசீ ஓரத்துச் செனிகா ஊர்களைக் கொளுத்தி, விளைச்சலையும் அழித்துவிட்டுப் போனது. ஒரு குழந்தைக்கு ஒருநாள் ஊட்டக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. மேரி இரண்டு பிள்ளைகளை முதுகில் சுமந்து, மூன்று பிள்ளைகளை நடக்கவிட்டு, கார்டோ என்ற ஆற்றுப் படுகைக்குப் போனார். அங்கே, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இரண்டு கறுப்பினத்தவர் மக்காச்சோளம் பயிரிட்டிருந்தார்கள். கதிரைத் தோல் உரித்துச் சரமாகக் கட்டித் தருவது வேலை, பத்துச் சரத்துக்கு ஒரு சரம் கூலி. நூறு சரம் சம்பாதித்தார். உதிர்த்தால் 25 புஷல் (அங்கே தானியம் அளக்கும் அளவை). வேலை முடிகிறவரை அந்த இருவரில் ஒருவர் துப்பாக்கியோடு பக்கத்தில் காவல் நின்றாராம், பூர்வகுடிகள் வந்து இந்த அம்மாவைத் தூக்கிப்போய்விடக் கூடாதே என்று!

இதெல்லாம் 1823-இல், எண்பது வயதில், ஜேம்ஸ் சீவர் என்ற மருத்துவரிடம் மேரி சொன்னது. மறு வருடமே புத்தகமாக வந்தது. எது இவர் பேச்சு, எது எழுதியவரின் மெருகு என்று பிரிப்பது லேசல்ல. ஆனால் அந்தச் சோளக் கணக்கு மேரியுடையதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

1797-இல், செனிகாக்கள் தங்கள் நிலத்தை விற்ற பிக் ட்ரீ ஒப்பந்தத்தில் கார்டோ நிலம் இவர் பெயருக்கு வந்தது. எல்லைகளை இவரே வாய்மொழியாகச் சொன்னார். சின்னத் தோட்டம்தானே என்று நினைத்தவர்கள் அளந்து பார்த்தால் 17,927 ஏக்கர்! பின்னாளில் மகன் ஜான் தன் சகோதரர்கள் இருவரையும் கொன்றான், அவனும் கொலையுண்டான். அந்தத் துயரத்தை விரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

செனிகாக்களிடம் குலம் தாய்வழியில்தான் வரும். மேரியின் பிள்ளைகளும் அம்மாவின் ஜெமிசன் என்ற பெயரையே போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் செனிகா மக்களிடையே அந்தக் குடும்பப் பெயர் உண்டு.

நிலத்தில் பெரும்பகுதியை 1823-இல் விற்றார். சுற்றிலும் வெள்ளையர் குடியேறிவிட்டார்கள். பேச ஆளுக்குக் குறைவில்லை, இங்கிலீஷும் அவருக்கு வரும். ஆனாலும் 1831-இல் மிச்ச நிலத்தையும் கொடுத்துவிட்டு, செனிகாக்கள் வாழ்ந்த பஃபலோ கிரீக்குக்குக் குடிபோனார். 1833 செப்டம்பரில் அங்கேதான் காலமானார்.

நன்றி, வணக்கம்.