டேம்பிங் 30 வைத்தது தப்பா? ஒரு கேள்வியும் கொஞ்சம் மோரும்

வணக்கம். கப்பலூர் பக்கம் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, 3 மீட்டர் உயர டேங்க், உள்ளே ஸ்டிரர் (கலக்கி) ஓடும். காலி டேங்க் நிறைய 20 நிமிஷம் ஆகும். லெவல் டிரான்ஸ்மிட்டர் (மட்டத்தை அளந்து சிக்னலாக அனுப்பும் மீட்டர்) டிஸ்ப்ளே 61.34, 63.80, 60.27 சதவீதம் என்று ஆடிக்கொண்டே இருந்தது. டேம்பிங்கை 30 வினாடி வைத்தேன், நின்றுவிட்டது. சூப்பர்வைசர் தப்பு என்கிறார். தப்பா?"

டேம்பிங் என்றால், எண் ஆடாமல் இருக்க மீட்டர் காட்டுவதை மெதுவாக மாறவைக்கும் செட்டிங். இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இதே 30-ஐ வைத்துத்தான் நான் ஒரு காலத்தில் தரை முழுக்க மோரை ஓடவிட்டேன்.

திருமங்கலம் பக்கம் ஒரு பால் பண்ணையில் மெயின்டனன்ஸில் இருந்தேன். ஒன்றரை மீட்டர் உயரத்தில் சின்ன டேங்க். டிஸ்ப்ளே ஆடுகிறது என்று ஆபரேட்டர் தினமும் புலம்புவார். டேம்பிங்கை 30 ஆக்கினேன். எண் சாமி சிலை மாதிரி அசையாமல் நின்றது, எனக்கும் பெருமை. மறுநாள் காலை பம்ப் ஓடுகிறது. 130 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். டிஸ்ப்ளே 115 என்கிறது, 120 என்கிறது, மோரோ ஏற்கெனவே விளிம்பைத் தாண்டி என் செருப்பை நனைத்துக்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான். அந்த டேங்கில் மட்டம் வினாடிக்கு 1 சென்டிமீட்டர் ஏறும். டேம்பிங் 30 என்றால் டிஸ்ப்ளே நிஜ மட்டத்துக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் பின்னால் நடக்கும். அது 130 காட்டும்போது உள்ளே 160 இருக்க வேண்டும். டேங்க்கோ 150தான்.

நிறையப் பேர் 30 என்றால் 30 வினாடி கழித்துச் சரியாகக் காட்டிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மட்டம் சட்டென்று மாறினால், 30 வினாடியில் மாற்றத்தின் 63 சதவீதம்தான் வெளியே தெரியும். 95 சதவீதம் தெரிய 90 வினாடி ஆகும்.

சரி, தம்பியின் டேங்குக்கு வருவோம். 3 மீட்டர், 20 நிமிஷம். வினாடிக்கு இரண்டரை மில்லிமீட்டர். முப்பதால் பெருக்கினால் 75 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை சதவீதம். 90-ல் பம்ப் நிற்க வைத்திருந்தால் 92.5-ல் நிற்கும். வழியாது. ஆக, தப்பு இல்லை தம்பி. ஆனால் பிஎல்சி-யிலும் (சிக்னலைப் பார்த்துப் பம்பை ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலர்) யாராவது தனியாக ஒரு ஃபில்டர், அதாவது இன்னொரு டேம்பிங், போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு என் பாட்டு தெரியும்: ஆடுவது தண்ணீரா, மீட்டரா? ஸ்டிரரை நிறுத்துங்கள், இன்லெட்டை மூடுங்கள், டேம்பிங்கைப் பூஜ்யமாக்கிவிட்டு இரண்டு நிமிஷம் பாருங்கள். எண் நின்றுவிட்டால் ஆடியது தண்ணீர். அப்போதும் ஆடினால் மீட்டர், இல்லையென்றால் கேபிள். மல்டிமீட்டரைச் சிக்னல் கம்பியில் தொடரில் போடுங்கள். 4–20 மில்லி ஆம்பில் (பூஜ்யத்துக்கு 4, நூறுக்கு 20) 61 சதவீதத்துக்கு 13.76 வர வேண்டும். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது அது குதித்தால் எர்த்திங்கைப் பாருங்கள், சிக்னல் கேபிள் மோட்டார் டிரைவ் கேபிளோடு ஒரே டிரேயில் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை டேம்பிங் போட்டு மூடுவது, காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவது.

எங்கள் அப்பத்தா தெருக்குழாயில் பிடித்த குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி அண்டாவில் கொட்டும். தண்ணீர் தளும்பும். நான் விரலை விட்டு எத்தனை விரல்கடை என்று பார்ப்பேன். "ஆடி அடங்கட்டும்டா, அப்புறம் பாரு" என்று கையைத் தட்டிவிடும். டேங்கில் அடங்கும்வரை காத்திருக்க முடியாது. அதனால் தண்ணீர் அடங்கிய இடத்தை நாமே உண்டாக்க வேண்டும். மட்டத்தை உணரும் புரோப் கயிறு போலத் தொங்குவதாக இருந்தால், கீழே ஓட்டை போட்ட 4 இன்ச் பிவிசி குழாயை நிறுத்தி, அதற்குள் இறக்குங்கள். குழாயின் மேல்பக்கமும் ஒரு ஓட்டை வேண்டும், காற்று போக. வெளியே அலை அடிக்கும், குழாய்க்குள் மட்டம் கிணற்று நீர் போல நிற்கும். இதைச் செய்தால் டேம்பிங் 3 அல்லது 5 போதும்.

டிஸ்ப்ளேயைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டிரர் ஓடும் டேங்குக்கு 61.34 எதற்கு? வைகை அணைக்கு 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அங்கே அரை அடிக்கு அர்த்தம் இருக்கிறது. உங்கள் டேங்கில் புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் ஸ்டிரரின் நாட்டியம். தசம இடத்தைப் பூஜ்யமாக்குங்கள், பாதி ஆட்டம் கண்ணுக்கே தெரியாது. பம்புக்குப் போகும் அவுட்புட்டும் மாறாது. சில மாடல்களில் டிஸ்ப்ளேக்கு மட்டும் தனி ஃபில்டர் இருக்கும். பம்பைத் தொடாமல் கண்ணை மட்டும் சமாதானப்படுத்த அதுதான் நல்லது. மெனுவில் தேடிப் பாருங்கள்.

முதலாளி லிட்டரில் கேட்டால் கவனம். நிற்கிற டேங்க் என்றால் நேர்க்கணக்கு. படுக்கை சிலிண்டர் என்றால் கால் உயரத்தில் 25 சதவீதம் இருக்காது, 20-க்கும் கொஞ்சம் குறைவுதான்.

தம்பி, உங்கள் இன்லெட் தண்ணீர் எங்கே விழுகிறது என்று மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். புரோபின் தலைமேல்தான் விழுகிறது என்று எனக்குச் சந்தேகம்.