தறிக்கு முன்னாடி நூல்: டொயோடா தறிக் கம்பெனி ஆரம்பிச்ச விதம்

வணக்கம். டொயோட்டான்னா எல்லாருக்கும் கார்தான் ஞாபகம் வரும். அந்தக் கார் கம்பெனிக்குத் தாய்வீடு ஒரு தறிப் பட்டறை. 1926 நவம்பர்ல, ஜப்பான்ல கரியாங்குற ஊர்ல, பத்து லட்சம் யென் முதலீட்டுல ஆரம்பிச்ச டொயோடா தானியங்கித் தறித் தொழிற்சாலை. முதல் தறி செஞ்சதுக்கப்புறம் அதைத் தொடங்க ஏன் முப்பத்தாறு வருஷம் ஆச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

சகிச்சி டொயோடா ஒரு தச்சரோட மகன். 1890ல மரக் கைத்தறி ஒண்ணு செஞ்சார். அதுவரைக்கும் ஒரு கை கயித்தை இழுத்து, நூலைக் கொண்டுபோற மரக் கட்டையான நாடாவை ஓட்டும், இன்னொரு கை பலகையை அடிச்சு ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நெருக்கும். இவர் தறியில பலகையை முன்னபின்ன ஆட்டினாலே நாடா ஓடும், ஒரு கை போதும். நெசவு 40–50 சதவீதம் கூடுச்சு. 1896ல விசைத்தறி. அதுல ஊடை அறுந்தா தறி தானா நின்னுடும்.

நிக்குறதுல என்ன பெருமைன்னு கேக்கலாம். ஊடை இல்லாம தறி ஓடினா துணியில இடைவெளி விழுந்து அந்தத் துண்டு கழிவாயிடும். அதைத் தடுக்க ஆள் கண்ணை எடுக்காம நிக்கணும். தானா நிக்குற தறின்னா, நின்ன தறிக்கிட்ட மட்டும் போனாப் போதும். ஒரே ஆள் பல தறி பாக்கலாம்.

ஆனா ஊடை நூல் சுத்தியிருக்குற தார் தீர்றது பெரிய தலைவலி. இதோ என் கையில இருக்கே, இதுதான் நாடா. உள்ள கம்பியில செருகியிருக்குறது தார். இந்தத் தாருல இருக்குற நூல் சில நிமிஷத்துல தீர்ந்துடும். தறியை நிறுத்தி, மாத்தி, திரும்ப ஓட்டணும். ஒவ்வொரு தடவை நின்னு கிளம்பும்போதும் துணியில கோடு விழ வாய்ப்பு உண்டு. அமெரிக்காவுல நார்த்ராப் தறி, நாடாவை விட்டுட்டு உள்ள இருக்குற தாரை மட்டும் மாத்துச்சு. சகிச்சி முழு நாடாவையே மாத்துற வழியில போனார், அதுவும் தறி ஓடிக்கிட்டிருக்கும்போதே.

நிமிஷத்துக்கு 200 ஓட்டம்னு வச்சுக்குங்க. ஒரு ஓட்டத்துக்கு 0.3 செகண்ட். அதுலயும் நாடா தறி ஓரத்துல இருக்குற பெட்டியில சும்மா கிடக்குறது ஒரு பங்கு நேரம்தான். அதுக்குள்ள புது நாடா உள்ள போகணும், பழசு வெளிய வரணும். புதுசு சரியா உக்காரலைன்னா, நாடாவைத் தள்ளுற அடி விழும்போது கோணலாப் பறக்கும். பாவு, அதாவது நீளவாட்டு நூல்களுக்கு நடுவுல சிக்கிக்கிட்டா, பலகை வந்து அடிக்கும்போது நூத்துக்கணக்குல பாவு இழை அறும். அதை ஒவ்வொண்ணா முடிச்சுப் போடணும். நாடா எல்லாம் ஒரே அளவா இருக்கணும், ஆனா மரம் ஈரக் காத்துல உப்பும். ஒரு நாடா கொஞ்சம் தடிச்சா, அது ஒண்ணே போதும், மாத்துற வேலை கெடுறதுக்கு.

என்னைக் கேட்டா, முக்கியமான கட்டம் இனிமேதான். 1900-களோட தொடக்கத்துல இவரோட நாடா மாத்துற தறியை வேற மில்லுல வச்சு ஓட்டிப் பாத்தாங்க. சரியா வரலை. தறி மேல குத்தமா, ஓட்டினவங்க மேல குத்தமா? 1907ல நகோயாவுல இவரையும் சேர்த்து ஒரு தறிக் கம்பெனி தொடங்குச்சு, 1910ல அதை விட்டு வெளிய வந்துட்டார். அடுத்து சொந்தமா நெசவு மில் போட்டார். இனிமே சோதனையெல்லாம் என் கூரைக்குக் கீழன்னு ஆச்சு. அப்பவும் தறி நிக்குது. வாங்குற நூல்ல ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெலிசு. மெலிசான இடத்துல பாவு அறும், பாக்குறவங்க தறியைக் குறை சொல்லுவாங்க. சந்தேகம் தீரணும்னா நூலும் நம்ம கையில இருக்கணும். அதனால 1914ல நூல் நூக்குறதையும் சேர்த்தார். தறி விக்கிறதுக்காக நூல் நூத்த மனுஷன் அவர்!

மகன் கீச்சிரோ டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்துல இயந்திரப் பொறியியல் படிச்சவர். 1921–22ல வெளிநாடு போய் இங்கிலாந்து ஓல்ட்ஹாம்ல ஜவுளி இயந்திரம் செய்ற பிளாட் பிரதர்ஸ் தொழிற்சாலையில வேலை எப்படி நடக்குதுன்னு கவனிச்சார். 1924ல ஜி வகைத் தறி முடிஞ்சுது. முழு வேகத்துல ஓடும்போதே நாடா மாறும். ஊடை அறுந்தாலும் பாவு இழை அறுந்தாலும் நிக்கும். உடனே விக்கலை. கரியாவுல சோதனை மில்லுல வரிசையா நிறுத்தி ஓட்டிப் பாத்து, அதுக்கப்புறம்தான் 1926ல கம்பெனி. ஒரு ஆள் 30–50 தறி பாக்க முடிஞ்சுது.

1929 டிசம்பர்ல அதே பிளாட் பிரதர்ஸ் இந்தத் தறியோட காப்புரிமைக்கு ஒரு லட்சம் பவுண்டு தர ஒப்பந்தம் போட்டாங்க. அடுத்த வருஷம் அக்டோபர்ல சகிச்சி காலமானார். 1933ல அந்தத் தறித் தொழிற்சாலைக்குள்ளயே மோட்டார் வண்டிப் பிரிவை ஆரம்பிச்சாங்க.