உள்ளே ஒலிக்கும் குரலை எழுதிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரி செமஸ்டர் முடிவு வெளியாகிறது. பதிவெண்ணைப் போட்டுப் பார்த்த மாணவருக்கு இரண்டு தாளில் அரியர். அடுத்த நொடியே உள்ளே ஒரு குரல்: "நான் எதுக்கும் லாயக்கில்லை." வீடு போய்ச் சேர்வதற்குள் "தண்டச்சோறு" என்ற சொல்லும் வந்துவிடுகிறது. அதை அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எப்போதோ கோபத்தில் யாரோ வீசிய சொல், இப்போது அவருடைய சொந்தக் குரலிலேயே கேட்கிறது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1960-களில் மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு கொண்டவர்களிடம் இதைத்தான் கவனித்தார். நடந்த சம்பவத்துக்கும் அதனால் வரும் வேதனைக்கும் நடுவே ஒரு வாசகம் சட்டென்று வந்து போகிறது. யோசித்து வருவதில்லை, தானாக வருகிறது. வந்த வேகத்தில் அதை நாம் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறோம். சிபிடி என்று சொல்லப்படும், எண்ணத்தையும் நடத்தையையும் சீர்படுத்தும் பேச்சுவழிச் சிகிச்சைமுறை இந்தக் கவனிப்பிலிருந்துதான் வளர்ந்தது.

இதற்கு மருந்தாகப் பலரும் சொல்வது, கண்ணாடி முன் நின்று "நான் சிறந்தவன், நான் வெல்வேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் இப்படிப்பட்ட வாசகத்தைச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை இன்னும் மோசமானது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. மனம் நம்பாத ஒன்றை வாய் சொன்னால், "இல்லை, பொய்" என்று மனம் மறுப்புகளை அடுக்க ஆரம்பிக்கும். அந்தக் குரலோடு சண்டை போடவும் வேண்டாம், அதன் மேல் சர்க்கரை தூவவும் வேண்டாம். அதனிடம் ஆதாரம் கேட்க வேண்டும்.

ஒரு சாதாரண நோட்டு போதும். மனம் கனத்த அன்றே, முடிந்தால் இரவு சாப்பாட்டுக்கு முன்பே, பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எழுதுங்கள். படுக்கையில் வேண்டாம், களைத்த மனம் எழுதுவதை விட்டுவிட்டு நடந்ததையே சுற்றிச் சுற்றி வரும். முதலில் நடந்ததை ஒரே வரியில்: "மாலை நாலு மணி, ரிசல்ட் பார்த்தேன், இரண்டு அரியர்." அடுத்து, மனசில் வந்த வாசகம். அது எப்படி ஒலித்ததோ அப்படியே, பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள். பிறகு, அப்போது எழுந்த உணர்ச்சியின் பெயரையும், அது நூற்றுக்கு எவ்வளவு என்ற எண்ணையும் போடுங்கள்: அவமானம், 80.

பெரும்பாலோர் தடுமாறுவது, மனசில் வந்த வாசகத்தை எழுதும் இடத்தில்தான். "மனசு கஷ்டமா இருந்தது" என்று எழுதுவார்கள். அது உணர்ச்சி, எண்ணம் அல்ல. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று எழுதுவார்கள். கேள்விக்கு ஆதாரம் தேட முடியாது. அந்தக் கேள்விக்கு மனம் ரகசியமாகச் சொல்லும் பதிலை எழுத வேண்டும்: "மற்ற எல்லாரையும் விட நான் மட்டம்." நாலைந்து எண்ணங்கள் வந்தால், எதைப் படிக்கும்போது நெஞ்சு அதிகம் இறுகுகிறதோ அதை மட்டும் எடுங்கள்.

இனி அந்த எண்ணத்துக்குச் சாதகமான ஆதாரம் ஒரு பக்கம், எதிரான ஆதாரம் மறுபக்கம். சாதகப் பக்கத்தை மறைக்காதீர்கள். இரண்டு தாளில் தவறியது உண்மை; கடைசி இரண்டு யூனிட்டைப் படிக்காததும் உண்மை. ஆனால் "மாமா என்னை மதிக்க மாட்டார்" என்பது ஆதாரம் அல்ல, ஊகம், அதை அடித்துவிடுங்கள். எதிர்ப் பக்கம் காலியாகவே நின்றால், இதே ரிசல்ட் வந்த நண்பனிடம் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். அல்லது "நான்" என்பதை விட்டு, உங்கள் பெயரையே சொல்லிக் கூப்பிட்டுக் கேளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பதற்றமான நேரத்தில் தன்னைத் தானே பெயர் சொல்லி அழைத்துப் பேசியவர்கள் நிலைமையைக் கொஞ்சம் விலகி நின்று பார்த்தார்கள்.

கடைசி வரி, இரண்டு பக்கத்தையும் சேர்த்த ஒரு வாக்கியம்: "இரண்டு தாளில் தவறினேன், நாலு தாளில் தேறினேன், படிக்காமல் விட்ட பகுதி எதுவென்று தெரியும்." இது புகழ்ச்சி அல்ல, கணக்கு. மறுபடி எண் போடுங்கள். 80 என்பது 55 ஆனால் நல்ல பலன். பூஜ்யத்தை எதிர்பார்த்து, வரவில்லை என்று நோட்டைத் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். எண் அசையவே இல்லையென்றால், நெஞ்சை இறுக்கிய எண்ணம் வேறொன்றாக இருக்கும். பின்னால் போய்த் தேடுங்கள்.

எழுத்து மட்டும் தன்மதிப்பைக் கொண்டுவந்துவிடாது. "என்னால் முடியாது" என்பதற்கு எதிரான பலமான ஆதாரம், செய்து முடித்த ஒரு சின்ன வேலை. "நாளையிலிருந்து தினமும் ஆறு மணி நேரம் படிப்பேன்" என்ற சபதம் இரண்டாம் நாளே முறியும். முறிந்ததும் அந்தக் குரலுக்குப் புதிய சாட்சி கிடைத்துவிடும். அண்ணா பல்கலைக்கழகத் தாளில் ஏ பகுதியில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து உண்டு. பழைய தாளிலிருந்து அப்படி ஐந்தை எடுத்து, 25 நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். முடித்ததும், செய்து முடித்த திருப்திக்குப் பத்துக்கு எத்தனை, மகிழ்ச்சிக்கு எத்தனை என்று தனித்தனியாகக் குறியுங்கள். சோர்ந்திருக்கும்போது மகிழ்ச்சி 1 என்றே நிற்கலாம். திருப்தி 4 ஆகியிருக்கும். ஊக்கம் வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் தொடங்கிய பிறகுதான் அது வரும்.

பெற்றோர்களே, "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்ற வாக்கியத்தை இந்த நாட்களில் தயவுசெய்து சொல்லாதீர்கள். "எந்த யூனிட் கஷ்டமா இருந்தது கண்ணு?" என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

நோட்டுக்கு அடங்காத நிலையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் சோர்வு, தூக்கமும் பசியும் கெடுதல், எதிலும் பிடிப்பின்மை என்று இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அப்படிச் சொன்னவரைத் தனியே விடாதீர்கள் என்று வீட்டாரையும் கேட்டுக்கொள்கிறேன். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம்.

வணக்கம்.