சிமிலான் படகுக்குப் பை கட்டுகிறேன்: எதில் காசைக் குறைக்கலாம், எதில் கூடாது

வணக்கம் மக்களே. பின்னால் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறேனே, அதெல்லாம் கடலுக்குப் போகிற சாமான். இன்னும் பத்து நாளில் தாய்லாந்து கிளம்புகிறேன், சிமிலான் தீவுகளுக்கு. நாலு நாள், நாலு ராத்திரி, படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம், விடிந்தால் ஸ்கூபா டைவ். இதைத்தான் லிவ்அபோர்ட் என்பார்கள். போன வருடம் போய் வந்ததிலிருந்து நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அது பணக்காரர்கள் சமாச்சாரம் இல்லையா, மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டுமா என்று. எட்டும். ஆனால் எந்தச் செலவில் கை வைக்கலாம், எதில் வைக்கவே கூடாது என்று போன முறை எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒரு நாள் நடுக்கடலில் உண்மையிலேயே பயந்தேன். அதையும் சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நம் அந்தமான் தீவுகள் இருக்கிற அதே அந்தமான் கடல்தான், அதன் எதிர்க்கரை. சிமிலான் என்ற பெயரே மலாய் மொழியில் ஒன்பது என்கிற சொல்லிலிருந்து வந்தது, ஒன்பது தீவுகள். 1982இலிருந்து தேசியப் பூங்கா. மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மழைக்காலத்துக்கு மூடிவிடுவார்கள், அதனால் அந்த மாதங்களில் யாராவது மலிவாக டிக்கெட் கிடைக்கிறது என்று சொன்னால் எடுத்துவிடாதீர்கள். தீவுகளின் கிழக்குப் பக்கம் பவளத்திட்டு மெல்லச் சரிந்து இறங்கும். மேற்குப் பக்கம் வேறு உலகம், வீடு அளவு கருங்கல் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடக்கும், நடுவில் நுழைந்து நுழைந்து போகலாம். அங்கிருந்து வடக்கே கோ போன், கோ தாச்சாய், அதற்கும் மேலே சுரின் தீவுகள் பக்கம் ரிச்சலூ பாறை. ஊதா நிறத்தில் மென்பவளம் போர்த்திய ஒற்றைப் பாறை அது, அதிர்ஷ்டம் இருந்தால் திமிங்கலச் சுறா வரும். கரையிலிருந்து தினமும் வேகப்படகில் போய் வந்தாலும் இதில் ஒன்றிரண்டைப் பார்க்கலாம், ஆனால் பாதி நாள் பயணத்திலேயே போய்விடும். படகிலேயே தங்கினால் காலை ஏழு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால், பாறையும் நீங்களும்தான்.

சரி, காசு. நான் கட்டியிருப்பது 22,000 பாத், நம் பணத்தில் ஐம்பத்தைந்து, அறுபதாயிரம் வரும். மொத்தம் 14 டைவ், அப்படியென்றால் ஒரு டைவுக்கு ஆயிரத்து அறுநூறு பாத்துக்கும் கீழே, அதிலேயே நாலு நாள் சாப்பாடும் படுக்கையும் அடக்கம். விமான டிக்கெட் தனி. பூங்காக் கட்டணம் தனி, பெரும்பாலும் படகில் ரொக்கமாகக் கேட்பார்கள். கருவி வாடகை தனி, ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்க மணிக்கட்டில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டருக்கு வாடகை அதற்கும் தனி. மலிவுப் படகு என்று விளம்பரத்தில் பார்க்கிற தொகையில் இவை எதுவும் இருக்காது, ஆகவே எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு மற்ற படகுகளோடு ஒப்பிடுங்கள்.

காசைக் குறைக்கச் சரியான இடம் படுக்கை அறை. கீழ்த்தளத்தில் நாலு பேர் அடுக்குக் கட்டில், எஞ்சினுக்குப் பக்கம், ஜன்னல் கிடையாது, குளியலறை பொது. எனக்கு அதுவே போதும். ஒரு நாளைக்கு நாலு முறை தண்ணீரில் இறங்கி ஏறினால் எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். மேல்தள அறைக்கும் இதற்கும் நல்ல வித்தியாசம் விலையில்.

ஆனால் கீழ்த்தளத்தில் படுப்பவர் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2019 செப்டம்பர் 2 அதிகாலை, அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்கு அப்பால் சாண்டா குரூஸ் தீவுப் பக்கம், கான்செப்ஷன் என்று ஒரு டைவ் படகு நங்கூரம் போட்டு நின்றபோது தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்துபோனார்கள். மேலே இருந்த ஐந்து ஊழியர்கள் மட்டும் தப்பினார்கள். ராத்திரி விழித்துச் சுற்றி வர வேண்டிய காவல் ஆள் யாருமே இல்லை. கீழிருந்து வெளியே வர இரண்டு வழி இருந்தது, ஆனால் இரண்டுமே மேலே ஒரே கூடத்தில்தான் போய் முடிந்தன, அந்தக் கூடத்தில்தான் தீ. இதைப் படித்த பிறகு நான் படகுக்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ராத்திரி யார் விழித்திருப்பார்கள்? கீழ்த்தளத்திலிருந்து இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கும்? கேமரா பேட்டரியெல்லாம் எங்கே வைத்துச் சார்ஜ் போட வேண்டும்? ஆக்சிஜன் படகில் இருக்கிறதா? ஒரு படகிலிருந்து பதிலுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்று மட்டும் வந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். இன்னொரு படகிலிருந்து அவசர வழியின் மூடியைத் திறந்து வைத்துப் படம் எடுத்தே அனுப்பினார்கள், ஏணி நேராகத் திறந்த தளத்துக்குப் போகிறது, வழியில் பைகள் எதுவும் அடுக்கவில்லை. அங்கேதான் பணம் கட்டியிருக்கிறேன். ஏறின முதல் ராத்திரியே அந்த ஏணியில் விளக்கில்லாமல் ஒரு தடவை ஏறிப் பார்க்கப் போகிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். போன முறை போன படகில் அந்த வழியை யாரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது இதைப் பாருங்கள், கிட்டே காட்டுகிறேன். ஆரஞ்சு நிறத்தில் சுருட்டி வைத்திருக்கிறேனே, இதுதான் எஸ்எம்பி, மேலே மிதந்து படகுக்கு நம் இடத்தைக் காட்டுகிற பை. விரித்துக் காற்று நிரப்பினால் என் உயரம் வரும். பக்கத்தில் இருக்கிற இந்த வட்டத்தில் சுற்றியிருப்பது இதன் கயிறு. போன வருடம் வாடகைக் கருவியோடு கொடுத்ததையே வாங்கி மாட்டிக்கொண்டேன், இருந்தால் சரி என்று. மூன்றாம் நாள் கோ போனில் மேலே வரும்போது நீரோட்டம் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கிற சேஃப்டி ஸ்டாப் முடிவதற்குள் நானும் என்னோடு சேர்ந்து இறங்கிய டைவ் ஜோடியும் பாறையை விட்டு ரொம்பத் தள்ளிப் போய்விட்டோம், வழிகாட்டி மற்ற நாலு பேரோடு அந்தப் பக்கம். பையை எடுத்து விடலாம் என்றால் கயிறு ஏற்கெனவே யாரோ சரியாகச் சுற்றாமல் விட்டு, முடிச்சு விழுந்து இறுகிக் கிடந்தது. அது இல்லாமலே மேலே வந்தோம். அலை உயரும்போது படகு தெரிகிறது, இறங்கும்போது சுற்றிலும் தண்ணீர் மட்டும். எனக்குப் படகு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே, படகிலிருந்து பார்ப்பவருக்கு நான் ஒரு தேங்காய் அளவு கருப்புத் தலை. இருபத்தைந்து நிமிடம். விசிலை ஊதி ஊதிக் கன்னம் வலித்தது. கடைசியில் சின்னப் படகு வந்து ஏற்றிக்கொண்டது.

ஊருக்கு வந்ததும் முதலில் வாங்கியது இதைத்தான். வாங்கினால் மட்டும் போதாது, இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் நீச்சல் குளத்தில் இதையே பழகிக்கொண்டிருக்கிறேன். கயிற்று வட்டத்தை இப்படி, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் லேசாகப் பிடிக்க வேண்டும், அது தடையில்லாமல் சுழல வேண்டும். எக்காரணம் கொண்டும் உங்கள் உடம்போடு கொக்கி போட்டு வைத்துக்கொண்டு காற்றை நிரப்பாதீர்கள், கயிறு சிக்கினால் பை உங்களையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போகும். வேகமாக மேலே போவது எவ்வளவு ஆபத்து என்று டைவ் கற்ற எல்லாருக்கும் தெரியும். குளத்தில் பத்துத் தடவை சரியாக வந்த பிறகு புதுச்சேரிக் கடலில் இரண்டு நாள் செய்து பார்த்தேன். அலையில் அது வேறு மாதிரி இருக்கிறது, குளத்தோடு நிறுத்தியிருந்தால் பத்தாது.

அடுத்தது கையில் கட்டியிருக்கிற இந்தக் கம்ப்யூட்டர். மற்றதை வாடகைக்கு எடுங்கள், உடுப்பு, பிசிடி என்கிற காற்றடைக்கும் மிதவைச் சட்டை, மூச்சுவிட வாயில் வைக்கிற ரெகுலேட்டர் எல்லாம். முகமூடியும் எஸ்எம்பியும் இந்தக் கம்ப்யூட்டரும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும், கம்ப்யூட்டர் வாங்க முடியாவிட்டால் ஆளுக்கு ஒன்று வாடகைக்கு எடுத்துக் கடைசி வரை அதையே கட்டுங்கள். ஜோடிக்கு ஒன்று போதும் என்று மிச்சம் பிடிக்கக் கூடாது. நாலு நாளில் 14 டைவ் என்றால் ஒவ்வொரு தடவையும் உடம்பில் கொஞ்சம் நைட்ரஜன் தங்கிக்கொண்டே வரும், அந்தக் கணக்கு உங்கள் மணிக்கட்டில் இருக்கிற கருவிக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் மாற்றினால் புதுக் கருவி நீங்கள் இப்போதுதான் முதல் தடவை இறங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். மேல்தள அறைக்குக் கொடுக்காத காசில் நான் நைட்ராக்ஸ் கோர்ஸ் முடித்தேன், ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றைச் சிலிண்டரில் வைத்து டைவ் செய்யக் கற்பது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், இதில் 32, நைட்ரஜன் அந்த அளவுக்குக் குறைவு. ஆழமாகப் போகத்தான் நைட்ராக்ஸ் என்று நினைப்பவர்கள் உண்டு, உண்மை அதற்கு நேர்மாறு. ஆழத்தில் கூடுதல் ஆக்சிஜனே நஞ்சாகிவிடும், அதனால் 32 வைத்துக்கொண்டு 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

உடம்பு விஷயம். படகில் ஏறும்போது ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள், ஆஸ்துமா, நெஞ்சு, காது, மருந்து என்று கேள்விகள். சில கேள்விகளுக்கு ஆம் என்று போட்டால் டாக்டர் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் இறங்க விட மாட்டார்கள். அங்கே போய்ப் பொய் எழுதாதீர்கள், இங்கேயே டாக்டரைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சொத்தைப் பல் அடைத்திருந்தால் பல் டாக்டரையும் பாருங்கள், அடைப்புக்குள் காற்று இடைவெளி இருந்தால் ஆழத்தில் உயிர் போகிற வலி வலிக்கும். அப்புறம் காது. நாலு நாள் ஈரத்திலேயே இருந்தால் காதுக்குள் புண் வந்து பாதியில் படகில் உட்கார வைத்துவிடும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவித் துண்டின் நுனியால் வெளியே மட்டும் ஒற்றுங்கள், பட்ஸ் உள்ளே விடவே விடாதீர்கள். சளி பிடித்திருந்தால் அந்த டைவை விட்டுவிடுங்கள், காசு போனால் போகட்டும்.

படகு ஆட்டத்துக்கு, பஸ்ஸுக்கு நாம் போடுகிற அதே மாத்திரை சிலருக்குக் கேட்கும், ஆனால் தூக்கம் வரும். தண்ணீருக்குள் தூக்கக் கலக்கம் ஆகாது, அதனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, வீட்டிலேயே ஒரு நாள் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நான் இஞ்சி மரப்பா ஒரு டப்பா எடுத்துக்கொள்கிறேன், எனக்கு அது போதும். அம்மா பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார். தாய் சமையலில் காய்கறியிலும் மீன் சாஸ் விழும், சைவம் சாப்பிடுபவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் போன்றவை பவளத்துக்குக் கேடு என்று 2021இலேயே தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் தடை செய்துவிட்டார்கள், அபராதம் ஒரு லட்சம் பாத் வரை போகும். நான் முழுக்கை நீச்சல் சட்டையே எடுத்துக்கொள்கிறேன். கையுறையும் வேண்டாம், கையுறை போட்டால் கை தானாகப் பவளத்தைப் பிடிக்கப் போகும். அந்தப் பவளம் ஒரு விரல் நீளம் வளர வருடக்கணக்கில் ஆகும், தயவுசெய்து தொடாதீர்கள்.

காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா இல்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், இருந்தாலும் 30 மீட்டர் வரைதான் என்று இருக்கும். டைவர்களுக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது, அதை எடுங்கள். உடம்பில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகி அழுத்த நோய் வந்தால் அழுத்த அறையில் மணிக்கணக்கில் வைத்து வைத்தியம் செய்ய வேண்டும், அந்தச் செலவு மொத்தப் பயணத்தைப் போலப் பல மடங்கு. அதே காரணத்துக்காகத்தான் திரும்புகிற விமானமும். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. நான் ஒரு நாள் முழுக்க விட்டு, காவோ லாக் என்கிற கரையோர ஊரில் மலிவான ஓர் அறையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் புக்கெட் விமான நிலையம் போகிறேன். டைவ் முடிகிற அன்றைக்கே ராத்திரி கிளம்புகிற விமானம் நாலாயிரம் ரூபாய் குறைவாக இருந்தது, இருந்தும் எடுக்கவில்லை.

காகிதங்களில் ஒன்று மட்டும் புதிது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் போக டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள், அரசுத் தளத்தில் இலவசம். காசு கேட்கிற தளம் ஏதாவது வந்தால் மூடிவிடுங்கள்.

உதிரி பேட்டரிகளும் டார்ச் பேட்டரியும் கைப்பையில், முனையில் டேப் ஒட்டி. பெரிய பெட்டியில் போடக் கூடாது. இந்தக் கேமராவில் இப்போது சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. சார்ஜ் போட வேண்டும், நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து முகமூடிக் கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்க்கிறேன், புதுசு, தேய்க்காவிட்டால் முதல் டைவிலேயே பனி படியும். மிச்சக் கேள்வி இருந்தால் எழுதிப் போடுங்கள், கிளம்புவதற்குள் பதில் சொல்லிவிடுகிறேன்.