தனியாக வரும் டால்பின்: நாம் கை நீட்டினால் அதற்கு என்ன ஆகிறது?

[காட்சி: அதிகாலைக் கடல். ஒரு மிதவை. அதைச் சுற்றி ஒரே ஒரு முதுகுத்துடுப்பு.]

இந்த மிதவையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். படகு கட்டுவதற்காகப் போட்டிருக்கிறார்கள், அதிலிருந்து பாசி பிடித்த சங்கிலி ஒன்று கடல் தரை வரைக்கும் இறங்குகிறது. ஒரு டால்பின் அந்தச் சங்கிலியில் தன் விலாவை உரசிக்கொண்டே மேலே வருகிறது, மூச்சு விடுகிறது, திரும்பக் கீழே போய் அதே இடத்தில் உரசுகிறது. டால்பின்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வாழ்கிறவை. கூட்டத்தில் இருந்தால் பக்கத்தில் நீந்தும் டால்பின் துடுப்பால் இதைத் தடவிக்கொடுத்திருக்கும். இங்கே அப்படி யாரும் இல்லை, சங்கிலிதான் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் யாரோ ஒருவர் தண்ணீரில் இறங்குகிறார். டால்பின் நேராக அவரிடம் வருகிறது.

இந்த வீடியோ அந்த நாளைப் பற்றியும் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியும்தான். கூட்டத்தை விட்டுத் தனியாக ஓர் இடத்தில் தங்கி, மனிதர்களைத் தேடி வரும் காட்டு டால்பின்கள் உலகத்தில் பல கடற்கரைகளில் இருந்திருக்கின்றன. தாயை இழந்த குட்டி, வழி தவறியது, கூட்டத்தில் துரத்தப்பட்டது, தானாகவே கிளம்பி வந்தது என்று காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்கலாம். ஆனால் பிறகு நடக்கும் கதை மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கிறது, அதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம்.

[காட்சி: பழைய வரைபடம், வட ஆப்பிரிக்கக் கரை.]

கதை பழசு. இன்றைய துனிசியாவில் பிசெர்த் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது, ரோமானியர் காலத்தில் அதற்கு ஹிப்போ என்று பெயர். அங்கே ஒரு சிறுவனோடு டால்பின் ஒன்று பழகியதாகவும், அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு போனதாகவும் இளைய பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஊரே கரையில் கூடியது. ஓர் அதிகாரி, பக்தியிலோ என்னவோ, அதன் மேல் வாசனைத் தைலத்தை ஊற்ற, அது மிரண்டு ஆழத்துக்குப் போய்விட்டது, பல நாள் கழித்துச் சோர்ந்துபோய்த்தான் திரும்பியது. அதைப் பார்க்க வரும் அதிகாரிகளை உபசரித்தே அந்தச் சின்ன ஊரின் பணம் கரைந்தது, அமைதியும் போனது. கடைசியில் ஊர்க்காரர்கள் அதை ரகசியமாகக் கொன்றுவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய கடிதம் இது, ஆனால் அந்தத் தைலம் ஊற்றிய கையை நான் இன்றைய வீடியோக்களில் தினமும் பார்க்கிறேன்.

[காட்சி: நீச்சல்காரர்கள், படகுகள், தூக்கிப் பிடித்த போன்கள்.]

பழக்கம் படிப்படியாகத்தான் வருகிறது. முதலில் டால்பின் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது: ஒரு விரிகுடா, துறைமுக வாய், சில மிதவைகள். படகுகளின் பின்னால் போகிறது, நங்கூரக் கயிற்றோடு விளையாடுகிறது, ஆனால் மனிதரிடம் இன்னும் இடைவெளி விடுகிறது. பிறகு ஓரிருவர் வேண்டுமென்றே தினமும் இறங்கி, பொறுமையாகக் காத்திருந்து, அதைத் தொடும் அளவுக்குப் பழக்கிவிடுகிறார்கள். செய்தி பரவுகிறது, கூட்டம் வருகிறது. அந்த முதல் ஓரிருவரைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பெரும்பாலும் அவர்கள்தான் அதை எல்லோரையும் விட நேசிப்பவர்கள். ஆனால் அதன் மீதி வாழ்க்கை திசை மாறுவது அந்த வாரங்களில்தான். ஒருவரை நம்பப் பழகிய டால்பினுக்கு, அடுத்து வருகிற நூறு பேரில் யாரை நம்பக்கூடாது என்று தெரியாது.

அதற்கு ஆகும் கெடுதல்களில் முதலாவது படகின் விசிறி (புரொப்பெல்லர்). எஞ்சின் கிளப்பும் நுரையில் புரளுவது இவற்றுக்குப் பிடிக்கும், படகு என்றால் ஆட்கள் என்றும் கற்றுக்கொண்டுவிடுகின்றன, அதனால் விலக வேண்டிய சத்தத்தை நோக்கியே நீந்தி வருகின்றன. இங்கிலாந்தின் கென்ட் கரையில் 2006-லிருந்து ஒரு பெண் டால்பின் இருந்தது, ஆண் என்று நினைத்து டேவ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2007-ல் அதன் வாலில் ஒரு பகுதியே போய்விட்டது, கொஞ்ச நாளில் டேவையும் காணவில்லை. பிரான்சின் பிரெஸ்ட் விரிகுடாப் பக்கம் ஸஃபார் என்றொரு ஆண் டால்பின். 2018 ஆகஸ்டில் லாண்டெவெனெக் ஊர் மேயர், அது கரைக்கு அருகில் இருக்கும்போது யாரும் நீந்தக்கூடாது என்று தடை போட்டார், 50 மீட்டருக்குள் நெருங்கவும் கூடாது என்றார். ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. 2020-ல் அது ஒரு கப்பலைப் பின்தொடர்ந்து ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் போய்விட்டது. மீட்புக்குழுவினர் கடலுக்குத் திருப்பி அழைத்துப் போனார்கள், ஆனால் சில நாட்களில் நெதர்லாந்துக் கரையில், வால் துண்டாகி, செத்து ஒதுங்கியது.

இரண்டாவது தூக்கம். டால்பின் மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டு, மறு பாதியால் மூச்சையும் சுற்றுப்புறத்தையும் கவனித்துக்கொள்ளும். அதற்கு மெதுவாக மிதக்கும் அமைதியான நேரம் வேண்டும். காலை முதல் மாலை வரை யாராவது மேலே வந்து விழுந்துகொண்டிருந்தால் அது எப்போது ஓய்வெடுக்கும், எப்போது இரை தேடும்? சிலர் மீன் வேறு போடுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். படகுகளிடம் கையேந்திப் பழகிய டால்பின், தூண்டில் முள்ளையும் சேர்த்தே விழுங்கும்.

அது சிரிக்கிறதே, சந்தோஷமாகத்தானே இருக்கிறது என்று கேட்பார்கள். அந்த வாய் அப்படித்தான் அமைந்திருக்கிறது, செத்த பிறகும் அப்படியேதான் இருக்கும்.

[காட்சி: வால் தண்ணீரில் ஓங்கி அடிக்கிறது. மெதுவாகத் திரும்பக் காட்டவும்.]

இதைக் கவனியுங்கள். வாலால் தண்ணீரை அறைவது, தாடையைச் சட்டென்று மூடிச் சத்தம் எழுப்புவது, நீந்துபவருக்கும் கரைக்கும் நடுவில் வந்து நிற்பது, இவற்றையெல்லாம் கரையிலிருந்து பார்ப்பவர்கள் விளையாட்டு என்று கைதட்டுகிறார்கள். இருநூறு, முந்நூறு கிலோ எடையுள்ள, இனச்சேர்க்கைக்குத் துணை இல்லாத ஆண் டால்பின் மனிதர் மேல் ஏறி அழுத்துவதும் உண்டு, அதைச் சொல்லக் கூச்சப்பட்டால் ஆட்கள் அடிபடுவார்கள். நியூசிலாந்தின் மாஹியா கரையில் இருந்த மோக்கோ 2008-ல் கரையில் சிக்கிய இரண்டு திமிங்கிலங்களை ஆழத்துக்கு வழிகாட்டிக் கூட்டிப்போனது என்று உலகமே கொண்டாடியது. அடுத்த வருடம் அதே மோக்கோ ஒரு பெண்ணைக் கரைக்குத் திரும்பவிடவில்லை, அவர் ஒரு மிதவையைப் பிடித்துக்கொண்டு கத்தியதைக் கேட்டுத்தான் ஆட்கள் வந்து மீட்டார்கள். 1994 டிசம்பரில் பிரேசிலில் தியாவோ என்ற டால்பின் இடித்து ஒருவர் இறந்தே போனார். அதற்கு முன்பு எத்தனை பேர் அதன் முதுகில் ஏறினார்கள், துடுப்பைப் பிடித்துத் தொங்கினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஜப்பானின் ஃபுகுய் கரையில் சமீப வருடங்களில் பலரைக் கடித்த டால்பினைப் பற்றி பரபரப்பாகத் தலைப்புப் போட்டவர்கள், அது தனியாக இருக்கிறது என்பதை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

சரி, அப்படியென்றால் யாரும் கிட்டவே போகக்கூடாது, சட்டம் போட்டால் போதுமா? போதாது. லூனாவின் கதை எனக்கு அதைத்தான் சொல்கிறது. லூனா ஓர் ஓர்க்கா, டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரிய இனம். 2001-ல், இரண்டு வயதுக்குட்டி, கனடாவின் வான்கூவர் தீவில் நூட்கா சவுண்ட் என்ற கடற்கால்வாயில் தன்னந்தனியாக வந்து நின்றது. லூனாவின் வகை ஓர்க்காக்கள் தாயை விட்டுப் பிரியாதவை, ஆண்கள்கூட வாழ்நாள் முழுக்கத் தாயின் கூட்டத்திலேயே இருப்பார்கள். தொடக்கூடாது, பார்க்கக்கூட நிற்கக்கூடாது என்று அரசு சொன்னது, காவலுக்கும் ஆள் போட்டது. மனிதர்கள் விலகினார்கள், ஆனால் லூனாவால் விலக முடியவில்லை. அது படகுகளைத் தேடிப் போய் முகத்தை வைத்து உரசியது. 2004-ல் பிடித்துக் கூட்டத்திடம் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். இறந்துபோன தங்கள் தலைவரின் ஆவி அதில் இருப்பதாக நம்பிய அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மோவாசாட் முச்சலாட் மக்கள், மரத்தோணிகளில் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டு அதைக் கூண்டுப் பக்கம் போகவிடாமல் கூட்டிப்போனார்கள். திட்டம் நின்றது. 2006 மார்ச்சில் ஓர் இழுவைக் கப்பலின் விசிறியில் சிக்கி லூனா செத்தது. மனிதர்களை விலகச் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலாக லூனாவுக்கு எதையும் தராமல் விட்டது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். கூட்டத்திடம் சேர்ப்பதென்றால் முதல் வருடத்திலேயே செய்திருக்க வேண்டும், முடியாதென்றால் பயிற்சி பெற்ற சிலர் மட்டும், பாதுகாப்பான இடத்தில், எஞ்சின் இல்லாமல் அதற்குத் துணையாக இருந்திருக்கலாம்.

[காட்சி: பழைய நீராவிக் கப்பலின் ஓவியம், முன்னால் ஒரு வெளிறிய டால்பின்.]

நல்லபடியாக நடந்ததும் உண்டு. 1888-லிருந்து 1912 வரை, நியூசிலாந்தில் வெலிங்டனுக்கும் நெல்சனுக்கும் நடுவே போகும் கப்பல்களோடு பெலோரஸ் ஜாக் என்ற டால்பின் கூடவே வந்தது. ரிஸ்ஸோ என்ற டால்பின் வகை, உடம்பெல்லாம் கீறல் விழுந்து வெளுத்திருக்கும். 1904-ல் அரசாணை போட்டு அதைப் பாதுகாத்தார்கள். அது கப்பலின் ஓரத்தில் உரசிக்கொண்டு, அலையில் சறுக்கிக்கொண்டு வந்தது, பயணிகள் மேல்தளத்தில் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். யாரும் கூட நீந்தவில்லை, யாரும் மீன் கொடுத்துப் பழக்கவில்லை. 24 வருடம். அயர்லாந்தின் டிங்கிளில் 1983-ல் வந்த ஃபங்கி 2020 அக்டோபர் வரை, 37 வருடம், அந்தத் துறைமுக வாயிலேயே இருந்தது. அதைச் சுற்றி எத்தனையோ சுற்றுலாப் படகுகள் ஓடின, அதை நான் முழு மனதோடு ஆதரிக்க மாட்டேன். ஆனால் கடைசி வரை தன் மீனைத் தானே பிடித்துத் தின்றது.

[காட்சி: குளிர்காலம், டென்மார்க், ஸ்வெண்ட்போர்க். தண்ணீருக்குள் ஓர் ஒலிவாங்கி.]

கடைசியாக ஒன்று. பால்டிக் கடலில், ஸ்வெண்ட்போர்க் நகரின் அருகே டெலே என்ற ஆண் டால்பின் தனியாக இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் 2022 டிசம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை 69 நாட்கள் தண்ணீருக்குள் ஒலியைப் பதிவு செய்தார்கள். 10,833 ஒலிகள் கிடைத்தன. அதில் மூன்று வகை சீழ்க்கைகளும் இருந்தன, டால்பின்கள் தன் பெயரைச் சொல்வதுபோல் எழுப்புமே, அந்த மாதிரியானவை. கேட்பதற்கு அந்தப் பக்கத்தில் வேறு டால்பின் இல்லை.

டெலே எங்கிருந்து வந்தது என்பது அதன் முதுகுத்துடுப்பால் தெரிந்தது. துடுப்பின் விளிம்பில் இருக்கும் வெட்டுகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. பழைய படங்களோடு ஒப்பிட்டபோது, ஸ்காட்லாந்தின் மோரே ஃபர்த் கூட்டத்தில் 2007-ல் பிறந்தது என்று கண்டுபிடித்தார்கள்.

அதனால் தனியாக ஒரு டால்பின் உங்கள் கண்ணில் பட்டால், படகில் இருந்தால் வேகத்தைக் குறைத்து, அதை நோக்கித் திருப்பாமல், நேராகப் போய்விடுங்கள். தண்ணீரில் இருக்கும்போது அதுவாக வந்தால் கையை உடம்போடு வைத்துக்கொண்டு மெதுவாகக் கரையேறுங்கள். இடத்தின் பெயரை இணையத்தில் போடாதீர்கள், கூட்டம் அப்படித்தான் வருகிறது. போனை எடுப்பதாக இருந்தால் தூரத்தில் நின்று அந்தத் துடுப்பைப் பக்கவாட்டில், விளிம்பு தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, அங்குள்ள கடல் விலங்கு மீட்புக்குழுவுக்கு அனுப்புங்கள். அதன் கூட்டத்தை வேறெங்கோ ஒரு கடலில் யாரோ படமெடுத்து வைத்திருப்பார்கள்.